மழை விட்ட பிறகு வரும் வெள்ளம்: உள்ளூராட்சி சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொழும்புக்குப் பக்கத்துச் சபை ஒன்றில் மழைக்காலத்துக்கு முந்திய ஆயத்தக் கூட்டம். புதிதாக வந்த உத்தியோகத்தர்கள் மூன்று பேர் தங்கள் திட்டத்தை வாசித்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு பதைத்தது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த திட்டமும் அப்படித்தான் இருந்தது. அதே வரிசை, அதே ஓட்டைகள்.

கான் (வடிகால்) துப்புரவு, படகு, உலர் உணவு, மணல் மூட்டை. இவற்றை யாரும் மறப்பதில்லை, ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் சறுக்குகிற இடங்கள் வேறு.

ஒரு பருவத்துக்கு மட்டும் தயாராவது

கொழும்பில் எல்லோருடைய கண்ணும் மே மாதத்துத் தென்மேல் பருவப்பெயர்ச்சி மேல்தான் இருக்கும். ஆனால் வங்காள விரிகுடாவில் சூறாவளிக் காலம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஏப்ரல், மே ஒன்று. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மற்றது. பின்னாளில் ரோனு சூறாவளியாக மாறிய தாழமுக்கம் 2016 மே மாதத்தில் வந்தது. பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது 2010 நவம்பரில். டித்வா சூறாவளி வந்ததும் நவம்பரில்தான், 2025இல். ஏப்ரலில் கானைத் தோண்டி முழுக் காசையும் செலவழித்த சபைக்கு ஒக்டோபரில் ஒரு பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) பிடிக்கக்கூடக் கையில் காசு இருக்காது. பணத்தை முதலிலேயே இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாத தவறு இதுதான். மழை விட்டது, வெயில் அடிக்கிறது, சரி, ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது.

களனி கங்கை 145 கிலோமீற்றர் நீளம். அதைப் பெருக வைப்பது பெரும்பாலும் மலையில் விழுகிற மழை. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல பக்கம் கொட்டுவது சரிவில் பாய்ந்து இறங்கும். ஹங்வெல்லைக்குக் கீழே நிலம் தட்டை. அங்கே வந்ததும் வேகம் குறைந்து, அகலமாகப் பரந்து, ஆறுதலாக நகரும். அது நம்மிடம் வந்து சேருவதற்குள் இங்கே வானம் வெளுத்துவிடும். டித்வாவின்போதும் சூறாவளி தீவை விட்டு விலகிய பிறகுதான் களனியின் கீழ்ப்பகுதி உச்சத்தைத் தொட்டது.

2016 மே மாதம் இதை நான் படித்த விதம் கொடுமையானது. விடாத மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் வெயில் வந்தது. கங்கைக்கு அரைக் கிலோமீற்றர் தள்ளிய ஒழுங்கை ஒன்றில் மதில் முழுக்க உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். இரண்டு இரவு கண்விழித்த தொழிலாளர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய்ப் படுங்கள் என்று சொல்லி ஆட்களையும் லொறியையும் அனுப்பிவிட்டேன். வாசலில் இருந்த வயதான அம்மா ஒருவர், "தம்பி, மேலே இன்னும் பெய்யுதாம், மகள் அவிசாவளையில இருந்து கோல் எடுத்தவள்" என்றார். "இங்க மழை விட்டிட்டுது அம்மா, பயப்படாதீங்கோ" என்று பதில் சொன்னவன் நான்.

இரவு ஒன்பது மணிக்கு அந்த ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். அனுப்பிய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டால், அவர்களில் பாதிப் பேருடைய வீடுகளும் தண்ணீருக்குள். அந்த அம்மாவை அயல்வீட்டுப் பொடியன்கள் கதவுப் பலகை ஒன்றில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும். வேறொன்றும் எடுக்க நேரம் இருக்கவில்லை. அந்த நேரம் அவரிடம் இருந்தது, மத்தியானம் முழுவதும் இருந்தது. என் சொல்லை நம்பித்தான் அவர் வீட்டிலேயே இருந்தார்.

அன்று கண்முன்னே ஒரு அடையாளம் இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஒழுங்கையின் கானில் வெற்றுத் தயிர்க் கோப்பை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கங்கைப் பக்கம் போக வேண்டிய கோப்பை, கங்கைப் பக்கமிருந்து வீடுகளை நோக்கி வந்தது. ஆற்று மட்டம் கானின் மட்டத்தைத் தாண்டினால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். வெள்ளம் முதலில் கரையை உடைத்துக்கொண்டு வருவதில்லை, வெயில் எரிக்கும்போதே கானுக்குள்ளால் சத்தமில்லாமல் ஏறும். புதியவர்களை நான் இப்போது முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது கான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான்.

ஆகவே வானத்தை விட்டுவிட்டு, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டங்களை மேலிருந்து கீழாக வாசியுங்கள். கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கடைசியில் கொழும்பிலேயே இருக்கிற நாகலகம் வீதி அளவுமானி. ஒரு எச்சரிக்கை: நாகலகம் வீதியின் அளவு அடியில் வரும், மற்றவை மீற்றரில். அவசரத்தில் இரண்டையும் குழப்பிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நாகலகம் வீதியில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். ஹங்வெல்ல இறங்கத் தொடங்கி, பிறகு நாகலகம் வீதியும் இறங்கத் தொடங்கும் வரை ஒரு ஆளையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். களைத்திருந்தால் முறை வைத்துத் தூங்கவிடுங்கள். அதற்குத்தான் ஆரம்பத்திலேயே ஆட்களை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். எல்லோரையும் முதல் இரவிலேயே இறக்கிவிட்டால், வெள்ளம் வருகிற இரவில் நிற்க யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்புறம், "நாகலகம் வீதி 6 அடி" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஒழுங்கையில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? அந்த 6 அடியில் தன் வாசற்படி நனையுமா, நனையாதா என்பதுதான் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சுவரில் சேற்றுக்கோடு காயுமுன் கிராம உத்தியோகத்தரோடு நடந்து, எந்த அளவில் எந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் வந்தது என்று எழுதுங்கள். விளக்குக் கம்பத்தில் கோடு போடுங்கள். ஒரு டின் பெயின்ற் போதும். அடுத்த முறை ஒழுங்கையின் பெயரைச் சொல்லியே அறிவிக்கலாம்.

எங்கள் கான், அவர்கள் கால்வாய்

சிறு கான் சபைக்கு, பெரிய வீதியின் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சுத்தமாகச் செய்தாலும், ஒன்று மற்றதோடு சேருகிற மதகு யாருடைய பட்டியலிலும் இருக்காது. தண்ணீர் நிற்பது அங்கேதான். மூன்று தரப்பும் ஒரே நாளில், ஒரே ஆளின் பின்னால், கான் தொடங்குகிற இடத்திலிருந்து வாய்க்கால் முடிகிற இடம் வரை நடக்க வேண்டும். வெள்ளவத்தைப் பக்கம் என்றால் கடல்வாய் வரை போங்கள், அங்கே மணல் சேர்ந்து அடைத்திருக்கும்.

அள்ளிய சேற்றைக் கான் ஓரத்தில் விடுவது

அன்றே லொறியில் ஏற்றுங்கள். முதல் மழைக்கே அது திரும்பக் கானுக்குள் போய்விடும்.

தமிழ் அறிவித்தல் பின்னேரம் வருவது

காலையில் சிங்களத்தில் போன எச்சரிக்கை, மொழிபெயர்க்க ஆளில்லாமல் தமிழில் பின்னேரம் போனதை என் வேலைக்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்தேன். மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் தமிழ் மட்டும் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்! தண்ணீருக்கு முன் எட்டு மணித்தியாலம் என்பது ஒரு குடும்பம் வெளியேறும் நேரம். தமிழும் அரசகரும மொழி என்பதை அந்த நேரத்தில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஏப்ரலிலேயே, ஒக்டோபரிலேயே ஐந்து அறிவித்தல்களை இரண்டு மொழியிலும் எழுதிவையுங்கள். ஒழுங்கையின் பெயர், நேரம், போக வேண்டிய இடம் மட்டும் வெற்றிடமாக இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் கீழே இருக்கட்டும். "தாழமுக்கம்", "தாழ்நிலப் பிரதேசம்" என்று எழுதாதீர்கள். "இன்று இரவு உங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு முன் வெளியேறுங்கள்" என்று எழுதுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிக்காரர்களின் தொலைபேசி இலக்கங்கள் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்க வேண்டும், கோப்பில் அல்ல.

பள்ளிக்கூடச் சாவி

வெளியேறியவர்களைத் தங்கவைக்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சாவி வேண்டும்: ஒன்று கங்கைக்கு இந்தப் பக்கம் இருப்பவரிடம், இன்னொன்று அந்தப் பக்கம் இருப்பவரிடம்.