அரை மணிக்குள் எல்லாம் ஆகாது: ஓடத் தொடங்கும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குடியிருப்பைச் சுற்றி ஓடுகிறவர்களில் யார் புதிதாக வந்தவர் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கேட்டைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சல். இரண்டாவது பிளாக் வருவதற்குள் இடுப்பில் கை, வாயால் மூச்சு. நாலாவது நாள் முழங்கால் வலி, இரண்டாவது வாரம் ஆளையே காணோம். லிஃப்டில் பார்க்கும்போது, "எனக்கு இந்த ஓட்டமெல்லாம் ஒத்துவராதுக்கா" என்பார்.

அவருக்கு ஒத்துவராமல் போனது அவர் ஓடிய வேகம்தான். அந்த வேகத்துக்கும் காரணம் உண்டு. ஆறேகாலுக்கு அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஏழரை மணி வேனுக்குள் காலை டிபனும் மதிய டப்பாவும் தயாராகும். நடுவில் கிடைப்பது அரை மணி. அதற்குள் எடை குறைய வேண்டும், தொப்பை போக வேண்டும், முதுகுவலி சரியாக வேண்டும், மனசும் லேசாக வேண்டும். ஆபீஸ் போகும் அம்மாவானாலும் வீட்டிலேயே நாள் முழுக்க ஓயாமல் வேலை பார்க்கும் அம்மாவானாலும் இந்தக் கணக்கோடுதான் ஷூ கட்டுகிறார். ஓட்டத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், அந்த அரை மணிக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பதால் வருபவை.

முதல் நாளே ஓடுவது

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் ஓட ஆசைப்படுகிறவர் ஆரம்பத்தில் செய்யக்கூடாத காரியம், நிற்காமல் ஓடுவது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாண்களும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று வேகத்தைக் கூட்டும்போதுதான் குதிகாலிலும் முழங்காலிலும் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பிலும் வலி பிடிக்கிறது.

1996-இல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதற்காக ஓர் அட்டவணை போட்டார். 'கவுச் டு 5கே' என்று இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுவது அதைத்தான். மொத்தம் 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரத்தில் 5 நிமிடம் விறுவிறு நடை, அப்புறம் 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவுதான். ஓர் அம்மாவுக்காகப் போட்டது என்பதாலோ என்னவோ, நம்முடைய அரை மணிக்குள் கச்சிதமாக அடங்குகிறது. ஒரு வாரப் பாடம் கடினமாக இருந்தால் அதையே அடுத்த வாரமும் ஓடலாம். 9 வாரம் 15 வாரமானால் யாரும் கேட்கப் போவதில்லை.

வேகம் சரிதானா என்று பார்க்க கைக்கடிகாரமெல்லாம் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று மாவு புளிக்காமல் போன கதையை முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். "ம்", "ஆமா" மட்டும்தான் வாயிலிருந்து வருகிறதா? குறைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடக்கும் தாத்தா ஒருவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும்.

நேரம் குறைவான நாளில் நாம் முதலில் வெட்டுவது அந்த 5 நிமிட நடையைத்தான். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஓட்டத்தில் வெட்டுங்கள்.

பிரசவம் முடிந்த கையோடு இறங்குவது

ஆறாவது வாரச் செக்கப்பில் "எல்லாம் நார்மல்" என்று டாக்டர் சொன்னதை ஓடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தையல் ஆறியிருக்கிறது, கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம் காலில் இறங்குகிறது. அதைத் தாங்க வயிற்றுத் தசையும் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளும் தேற வேண்டும்.

2019-இல் பிரிட்டனில் மூன்று பிசியோதெரபிஸ்டுகள் சேர்ந்து இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். குறைந்தது 12 வாரமாவது பொறுக்கச் சொல்கிறது அது. பிறகும் சில சோதனைகள் உண்டு. 30 நிமிடம் வலியோ கசிவோ இல்லாமல் நடக்க முடிய வேண்டும். ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் மெல்ல ஓட வேண்டும். ஒற்றைக் காலில் 10 முறை குதிக்க வேண்டும், இரண்டு காலுக்கும். சிசேரியன் ஆனவர்கள் இதோடு தங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

கசிவு என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். ஓடும்போது, தும்மும்போது, கயிறு தாண்டும்போது இரண்டு சொட்டு சிறுநீர் போய்விடுவது குழந்தை பெற்றவர்களில் பலருக்கும் உண்டு. குழந்தை பத்தாவது படிக்கும் அம்மாவுக்கும் இருக்கும். "புள்ள பெத்தா அப்படித்தான்" என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாமும் கறுப்பு டிராக் பேண்டாகத் தேடி வாங்கி, தண்ணீரைக் குறைத்து, பேட் வைத்துச் சமாளிப்போம். தண்ணீரைக் குறைப்பது மோசமான வழி, நம் ஊர் புழுக்கத்தில் ஆபத்தும்கூட. இது சரிசெய்யக்கூடிய பிரச்சினை. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கிச் சில நொடி வைத்திருந்து முழுதாகத் தளர்த்தும் பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தாலே பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டாலோ, அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவதுபோல் பாரமாக இருந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரையோ இதில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. மிதமாக ஓடினால் பால் வற்றாது. ஓடுவதற்கு முன் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காது, ஓடவும் சுகமாக இருக்கும். ஆனால் எடைக்காகச் சாப்பாட்டைக் குறைக்கும் காலம் இது கிடையாது. முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு.

ஓடினால் எடை தானாகக் குறையும் என்று நம்புவது

"எத்தனை நாள்ல குறையும்க்கா?" என்று கேட்காதவர் இல்லை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் செலவாகும். 65 கிலோ இருப்பவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 200 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காபியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே அளவு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வாரம் மூன்று நாள் இப்படி ஓடினால், சாப்பாடு ஒரு கைப்பிடிகூட ஏறாமல் இருந்தால், ஒரு கிலோ குறைய மூன்று மாதம்.

படித்ததும் சப்பென்று ஆகிவிட்டதா? ஓட்டத்தின் மேல் தவறில்லை. எடையில் பெரும்பங்கு வேலையைச் சாப்பாடுதான் செய்கிறது. குறைத்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வதிலும், சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றிலும் ஓட்டம் கைகொடுக்கிறது. இது புரியாமல் தராசை மட்டும் நம்பி ஓடுகிறவர்தான் இரண்டாவது மாதம் நிறுத்துகிறார்.

அதிலும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடை கொஞ்சம் ஏறவே செய்யலாம். பழக்கமில்லாத தசைகள் தங்களைச் சரிசெய்துகொள்ள நீரைப் பிடித்து வைப்பதால் வரும் ஏற்றம் அது, கொழுப்பு இல்லை. தினமும் தராசில் ஏறி இறங்குவதைவிட மாதம் ஒருமுறை இடுப்பை அளப்பது உருப்படியான வேலை. பழைய பிளவுஸ் கொக்கி மாட்டுகிறதா என்று பார்த்தாலும் போதும்.

அம்மாக்களின் தட்டில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் சாப்பிடுவதில் பாதி அவர்கள் தட்டிலேயே இருப்பதில்லை. குழந்தை கடித்து வைத்த அரை தோசை, டப்பாவில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய கேசரி. வீணாகக் கூடாது என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது எந்தக் கணக்கிலும் வராது. காலையில் ஓடியிருக்கிறோமே என்ற தைரியத்தில் அது இன்னும் கொஞ்சம் கூடும். மிச்சத்தைக் குறைக்க ஒரே வழி, குழந்தைக்கு முதலிலேயே குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பதுதான். அப்புறம் உங்கள் காலை டிபனில் முட்டையோ சுண்டலோ பாசிப்பயறோ ஏதாவது ஒன்று இருக்கட்டும். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் பதினோரு மணிக்குப் பசியைக் கிளப்பிவிடும்.

தூக்கத்தை வெட்டி ஓடுவது இன்னொரு பொறி. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு அலாரம் வைத்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் குறையும். நாள் முழுக்க எதையாவது கொறிக்கத் தோன்றும். கைக்குழந்தை இரவெல்லாம் தூங்கவிடவில்லையா, அன்று ஓடாமல் தூங்குவதே எடைக்கும் நல்லது.

ரத்தம் குறைவாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவது

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. பாதிக்கு மேல்! ஆக, மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, எத்தனை வாரமானாலும் ஓட்டம் கைகூடவில்லை என்றால் உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். மாதவிடாயில் அதிகமாகப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடலில் சரியாகச் சேராது. அதே ரத்தத்தில் தைராய்டும் பார்த்துவிட்டால் இன்னொரு சந்தேகமும் தீரும்.

செருப்பு, துப்பட்டா, இன்ன பிற

வீட்டில் கிடக்கும் கேன்வாஸ் ஷூவில் ஓடாதீர்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டத்துக்கென்றே செய்ததாக இருந்தால் போதும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அதன் அடிப்பகுதி தளர்ந்துவிடும்.

ஷூவுக்குச் செலவழிப்பவர்கள்கூட ஸ்போர்ட்ஸ் பிராவுக்குத் தயங்குகிறார்கள். அது இல்லாமல் ஓடினால் மார்பும் தோளும் வலிக்கும். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்துத்தான் முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். அதுவரை ஓடிய பெண்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஓட்டம் மட்டுமே உடற்பயிற்சி என்று இருந்துவிடுவது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 முறை, குதிகாலைத் தூக்கி இறக்குவது 20 முறை, மேடையைப் பிடித்துக்கொண்டு சாய்வாகத் தண்டால் 10. முழங்கால் வலி வராமல் இருக்க இது ஷூவைவிட உதவும்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவது

எங்கள் கூட்டத்தில் ஒருவர் போனைக் காதுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு ஓடுவார். இரண்டாவது சுற்றில் மணி அடிக்கும். வீட்டிலிருந்து, "ஐடி கார்டு எங்க வெச்ச?" அவர் நின்று, மூச்சு வாங்கியபடி, "ஃபிரிட்ஜ் மேல, மாத்திரை டப்பா பக்கத்துல" என்பார். மூன்றாவது சுற்றில், சாக்ஸ். அந்த அரை மணியில் வீட்டுக்குப் பொறுப்பு யார் என்று முன்கூட்டியே பேசி முடிக்காமல் இறங்குவதும் தவறுதான். "முடிஞ்சா கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்டால் முடியாத நாள்தான் அதிகம் வரும். திங்கள், புதன், வெள்ளி ஐந்தரையிலிருந்து ஆறு வரை கணவரோ அத்தையோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாளும் நேரமும் சொல்லி முடிவு செய்யுங்கள். மூன்று நாள் போதும். கடுமையான உடற்பயிற்சி வாரத்துக்கு 75 நிமிடமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 25 நிமிடம் மூன்று நாள் ஓடும் நிலைக்கு வந்துவிட்டால் அதை எட்டிவிடலாம். விடுபட்ட ஓட்டங்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஓடிக் கழிக்கப் பார்க்காதீர்கள்.

தெருவில் ஓடுகிறவர்கள் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள். ஒரு காதையாவது திறந்து வையுங்கள். நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். இருட்டில் தனியாகப் போவதைவிட நடப்பவர்கள் நிறையப் பேர் வரும் இடம் நல்லது. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சென்னையில் அது பெசன்ட் நகர். சித்திரை, வைகாசியில் ஆறரைக்கு மேல் வெயிலில் ஓட வேண்டாம். மொட்டை மாடியில், வீட்டுக்குள் நின்ற இடத்தில் ஓடினாலும் கணக்குதான்.

எத்தனை திட்டம் போட்டாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பரீட்சை வரும், ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், இரண்டு வாரம் ஓட்டம் நின்றுபோகும். திரும்ப வரும்போது விட்ட இடத்திலேயே பிடிக்க நினைக்காதீர்கள். அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போய், நடையும் ஓட்டமுமாக அங்கிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் உங்களுக்கே வந்திருந்தால், அது விட்டு நாலைந்து நாள் வெறும் நடை மட்டும்.