ஜப்பானுக்கு முதல் அலுவல் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் இறங்கிய முதல் நாளே ஆள் மயங்கிவிடுவார். ரயில் சொன்ன நிமிடத்துக்கு வருகிறது, டாக்ஸியின் பின்கதவு தானாகத் திறக்கிறது, சந்திப்பில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அன்று இரவே "வேலை முடிந்த மாதிரிதான்" என்று மேலாளருக்கு மெயில் தட்டிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

எதிரே இருப்பவர் "ஹாய், ஹாய்" (ஜப்பானிய மொழியில் "ஆமாம்") என்பது பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில்தான். சம்மதம் அல்ல. "கென்தோ ஷிமாசு" (பரிசீலிக்கிறோம்) என்றால் பல நேரம் பாதி மறுப்பு. மூச்சை இழுத்தபடி "முசுகாஷீ" (கஷ்டம்) என்றால் கிட்டத்தட்ட முழு மறுப்பு. கேள்விக்குப் பிறகு நீளும் மௌனத்தைக் கண்டு பதறி, நாமாகவே விலையைக் குறைத்துப் பேச ஆரம்பித்தால் நஷ்டம் நமக்குத்தான். வாயை மூடிக் காத்திருங்கள்.

பழைய பாணி நிறுவனங்களில் முடிவு கூட்டத்தில் பிறப்பதே இல்லை. அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி வைப்பதை 'நெமாவாஷி' என்பார்கள். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்தும் தோட்டக்காரர்களின் சொல் அது. ஆகவே விளக்கப் படங்களைக் கூட்டத்தில் திறந்து அசத்தலாம் என்று ஒளித்து வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி அனுப்பினால், தலையாட்டலின் உண்மையான பொருள் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்தது மெய்ஷி, அதாவது விசிட்டிங் கார்டு. பர்ஸிலிருந்து கசங்கிய ஒன்றை உருவுவதைவிட, தீர்ந்துவிட்டது என்று கைவிரிப்பது மோசம். சிறு பயணத்துக்கும் 50 கார்டாவது தனி உறையில் இருக்கட்டும். எழுந்து நின்று, எழுத்து அவர் பக்கம் பார்க்க, இரு கையாலும் நீட்டுங்கள். வாங்கியதைப் படித்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே மேசையில் அடுக்குங்கள். பெயர் மறக்காமலிருக்கவும் அது உதவும். அதன்மேல் பேனாவால் குறிப்பெழுதுவதும் பின்பாக்கெட்டில் செருகுவதும் கூடவே கூடாது.

சந்திப்புக்கு 5 முதல் 10 நிமிடம் முன்னால் போனால் போதும். அரை மணி முன்னால் போய் நின்றால் அவர்களுக்குத்தான் தர்மசங்கடம். ஆனால் டோக்கியோவின் ஷிஞ்சுகு போன்ற ரயில் நிலையத்தில் 200-க்கு மேல் வாசல்கள் உண்டு. தவறான வாசலில் வெளியே வந்தால் 15 நிமிடம் போயே போய்விடும். முகவரியோடு வாசலின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். இரவில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும், பிறகு டாக்ஸிதான்.

பெட்டி கட்டும்போதே நேரும் தவறுகளும் உண்டு. சூடோஎஃபெட்ரின் (மூக்கடைப்பு மருந்து) 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோக முடியாது. மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். மின்சாரம் 100 வோல்ட், சாக்கெட்டில் இரண்டு தட்டைக் கால்கள்தான் நுழையும். மூன்று கால் பிளக்கோடு போனால் முதல் இரவிலேயே மடிக்கணினி படுத்துவிடும். பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள், குறுகிய காலத்துக்கு வந்த வெளிநாட்டவர் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சேர்ந்த 'தாஷி' சாறு இருக்கும். மீனும் தாஷியும் வேண்டாம் என்று இரண்டு நாள் முன்பே எழுதிச் சொன்னால், அழைத்தவரே அதற்கேற்ற உணவகம் பார்த்துவிடுவார்.

இரவு விருந்தில் "கம்பாய்" (சியர்ஸ்) சொல்லும்வரை கோப்பையைத் தொடாதீர்கள். குடிக்காதவர் தேநீரை உயர்த்தினாலும் போதும். நமக்கு நாமே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார். காலியான கோப்பையைக் கண்டால் மறுபடி ஊற்றிவிடுவார்கள் என்பதால், போதும் என்றால் அதை நிறைந்தபடியே விட்டுவிடுங்கள்.