மண் அணைய சுத்திப் பாக்குறது எப்படி: முதல்ல பின்பக்கம் இறங்குங்க

மண் அணைய பாக்கப் போறவங்க நிறைய பேர் கரை மேல ஏறி, தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு பாத்துட்டு திரும்பிடுவாங்க. கரை நல்லா இருக்கா இல்லையான்னு காட்டிக்குடுக்கிற இடம் அது இல்லங்க, தண்ணி இல்லாத பின்பக்கம் இருக்கே, அந்த சரிவோட அடிவாரம் தான். அங்க ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் மெதுவா நடக்கணும், புல் முழங்கால் உயரத்துக்கு இருந்தா முதல்ல வெட்டிடுங்க, புதருக்குள்ள இருக்கிற ஓட்டை கண்ணுக்கே தெரியாது. தண்ணி நிறைஞ்சிருக்கும்போதும் பெருமழை விட்டதும் கட்டாயம் போகணும், தண்ணி வத்தினப்புறம் ஒரு தடவை போனா உள்பக்க சரிவுல அலை அரிச்ச இடமும் தெரியும். காலையிலயோ சாயங்காலமோ வெயில் சாய்வா விழும்போது போங்க, மேடு பள்ளம் நிழல்லயே தெரிஞ்சிடும்.

கையில ஒரு நோட்டு, டேப், பக்கெட், நல்ல தெளிவான பாட்டில், மரமுளை நாலஞ்சு, இது போதும்.

இப்ப கசிவு. மண் கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதுக்காக பதற வேண்டாம். பாக்க வேண்டியது ரெண்டு தான், எவ்ளோ வருது, என்ன கலர்ல வருது. கசியுற தண்ணிய ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி கீறி ஒரே இடத்துக்கு கொண்டுவந்து பக்கெட்டுல புடிங்க, 10 லிட்டர் நிறைய 50 செகண்ட் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 12 லிட்டர், அடுத்த தடவை அதே நீர்மட்டத்துல 30 செகண்டுலயே நிறைஞ்சிட்டா 20 லிட்டர் ஆயிடுச்சு, அப்ப உள்ள ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம். நீர்மட்டத்தையும் தேதியையும் கூடவே எழுதலன்னா இந்த கணக்குக்கு மதிப்பே இல்ல. அப்புறம் அதே தண்ணிய பாட்டில்ல புடிச்சு ஆட்டாம ஒரு ராத்திரி வைங்க, பாக்க தெளிவா தெரிஞ்ச தண்ணியில கூட காலையில அடியில மெல்லிசா மண் படிஞ்சிருக்கலாம். அப்படி படிஞ்சிருந்தா அது கரையோட உள்ள இருந்து வந்த மண்ணா இருக்கலாம், அதனால உடனே இஞ்சினியர கூப்புடுங்க. கண்ணுக்கே கலங்கலா தெரிஞ்சா பாட்டில வச்சுக்கிட்டு காத்திருக்கவே கூடாது.

ஏன்னா உள்ளரிப்பு, அதாவது கசியுற தண்ணி கரைக்குள்ள இருக்கிற மண்ண அரிச்சுக்கிட்டு வர்றது, தண்ணி வெளிய வர்ற வாய்ல ஆரம்பிச்சு உள்ள தண்ணி நிக்கிற பக்கமா குடைஞ்சுக்கிட்டே போகும், ஓட்டை பெருசாக பெருசாக தண்ணி வேகமும் கூடும். 1976 ஜூன் 5, அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டீட்டன் அணை, அது பெரிய அணை தான் ஆனா மண் அணை, முதல் தடவையா நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. காலையில கலங்கல் தண்ணி வர்றத பாத்தாங்க, ரெண்டு புல்டோசர் விட்டு ஓட்டையில மண்ணு தள்ளிப் பாத்தாங்க, ரெண்டு வண்டியையும் ஓட்டை முழுங்கிடுச்சு, ஓட்டுனவங்க உயிர் தப்பினாங்க. மதியம் 12 மணி ஆகுறதுக்குள்ள கரையே உடைஞ்சிடுச்சு, 11 பேர் செத்துப்போனாங்க.

அதனால கசியுற வாய களிமண் வச்சு அடைக்காதீங்க, தயவுசெஞ்சு. அடைச்சா உள்ள அழுத்தம் கூடி வேற இடத்துல பிச்சுக்கிட்டு வரும். தண்ணிய வெளிய விட்டு மண்ண மட்டும் புடிச்சு நிறுத்தணும், அதுக்குத்தான் முதல்ல பெருமணல், அது மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லின்னு போடுறது. அடிவாரத்துல தண்ணி குமிழ் விட்டு மணலத் தள்ளிக்கிட்டு ஊத்தா வந்தா சுத்தி மணல் மூட்டை வட்டமா அடுக்கி உள்ள தண்ணி மட்டத்த ஏத்துங்க, மணல் வர்றது நின்னா போதும், தெளிஞ்ச தண்ணி வழிஞ்சு போகட்டும். இதெல்லாம் இஞ்சினியர் வர்ற வரைக்கும் தாங்க.

அடுத்து கரை மேல. கரை உட்கார்ந்து போன இடம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வெள்ளம் அங்க தான் வழிஞ்சு ஏறும், வழிஞ்ச தண்ணி பின்சரிவ அரிச்சே கரைய உடைச்சிடும். டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாத்தாலே பள்ளம் தெரிஞ்சிடும். விரிசல் இருந்தா ரெண்டு பக்கமும் முளை அடிச்சு இடைவெளிய அளந்து எழுதுங்க, மழைத்தண்ணி இறங்காம பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்க, கரையோட நீளவாக்குல இருந்தா சரிவு சறுக்கப் பாக்குதோன்னு சந்தேகப்படணும், குறுக்கால போச்சுன்னா இன்னும் ஆபத்து, தண்ணிக்கு அதுவே நேர்வழி.

கலிங்கல்ல, அதாவது மிஞ்சுற வெள்ளம் வழிஞ்சு போறதுக்குன்னு கட்டின இடத்துல, செடி, குப்பை, வலை எதுவும் அடைச்சிருக்கக் கூடாது. கூடுதலா கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்னு அது மேல பலகையோ மூட்டையோ வச்சு உயர்த்துறாங்க பாருங்க, அத எங்க பாத்தாலும் எனக்கு வயித்த கலக்கும், வெள்ளத்துக்குன்னு விட்ட இடத்த நாமளே எடுத்துக்குறோம்.

கரையில மரம் வேண்டாம், கன்னா இருக்கும்போதே புடுங்கிடுங்க. பெருசான மரத்த வெட்டுனா வேர் உள்ள மக்கி வெற்றுக் குழாயா நிக்கும், அதனால இஞ்சினியர கேக்காம அத தொடாதீங்க. எலி வளை, நண்டு வளையும் அதே கதை தான். மதகு குழாய் போற கோட்டுக்கு மேல கரையில திடீர்னு குழி விழுந்தா, இல்ல குழாய் வெளிய வர்ற இடத்துல குழாய ஒட்டி தண்ணி வந்தா, அன்னிக்கே சொல்லணும்.

கலங்கல் தண்ணி வருது, சரிவு சறுக்குது, தண்ணி கரை மேல ஏறப் போகுதுன்னா முதல் போன் கீழ குடியிருக்கிறவங்களுக்கும் அவசர உதவிக்கும். அப்புறம் தான் மதகு. உடைப்பு எடுக்கப் போற அவசரம் இல்லன்னா தண்ணிய மெதுவா இறக்குங்க, சடார்னு இறக்குனா ஊறிப்போன உள்சரிவு சறுக்கிடும். யாரும் கரை மேல நின்னு வேடிக்கை பாக்க விடாதீங்க. அந்த நம்பரெல்லாம் போன்ல மட்டும் வைக்காம நோட்டோட முதல் பக்கத்துலயும் எழுதி வைங்க, கொட்டுற மழையில ராத்திரி சார்ஜ் இருக்கும்னு சொல்ல முடியாது.