மீன் தொட்டியின் மஞ்சள் நிறம் போனது இப்படித்தான்

தொட்டியில் மரக்கட்டை வைத்ததிலிருந்து தண்ணீர் டீத்தண்ணி மாதிரி ஆகிவிட்டது, பாதியை மாற்றினாலும் மறுபடி அதே நிறம். நம்ம காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக் கரியை நீராவியில் பதப்படுத்திச் செய்கிற ஆக்டிவேட்டட் கார்பன்தான் கைகொடுத்தது. வெறும் அடுப்புக்கரி ஆகாது, அதில் இத்தனை நுண்துளை இருக்காது. வலைப்பையில் போட்டு, கருப்புத் தூசி வருவது நிற்கும்வரை குழாயடியில் அலசி, ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்கு அடுத்து வைத்தேன், முன்னால் வைத்தால் அழுக்கு துளைகளை அடைத்துவிடும். நிறமும் வாடையும் போய், பின்பக்கக் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை இது எடுக்காது. அதற்கு ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாதான், அதனால் அது சாகாமல் இருக்க ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். அப்புறம், மீனுக்கு மருந்து விடும்போது பையை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தையும் இழுத்துக்கொள்ளும். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை கரியை மாற்றினால் போதும்.