என் ஸ்டேட்மென்ட் யாரோ ஒருவர் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது

நாலு மாதமாக வங்கி ஸ்டேட்மென்ட் மெயிலில் வரவில்லை. ஸ்பேமில் கிடக்கும் என்று விட்டுவிட்டேன், அது தப்பு. பாஸ்புக்கில் பதிவு போடப் போன அன்று கேட்டபோது, கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் மெயில் முகவரியில் ஒரு 'எச்' இல்லை. கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பித்தபோது தட்டச்சில் விட்டுப்போயிருக்கிறது. என் சம்பளம், வாடகை, அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போயிருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஸ்டேட்மென்ட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றார்கள் வங்கியில். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும்தான் அந்தப் பாஸ்வேர்டு, அதில் பெயர் மெயிலிலேயே இருக்கிறது!

சரி, அங்கேயே படிவம் கொடுத்து முகவரியை மாற்றினேன். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பவில்லை, எந்த மாதங்களின் ஸ்டேட்மென்ட் போனது, ஓடிபியும் அதே மெயிலுக்குப் போனதா என்று கேட்டுப் புகார் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை அன்றே மாற்றினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம், அதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் எழுத்தில் பதில் வந்தது: நான்கு ஸ்டேட்மென்ட் போயிருக்கிறது, ஓடிபி போகவில்லை. அப்புறம் அம்மாவின் கணக்கிலும் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.