டவுன் மெட்ரிக்கா, ஊர் அரசுப் பள்ளியா? சேலத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

அயோத்தியாப்பட்டணம், மல்லூர், கருப்பூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் இந்தக் குழப்பம் வந்துவிடும். பெயர்ப்பலகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் தூரம், அடுத்து நோட்டு, அதற்கப்புறம் ஃபீஸ்.

வேன் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாலையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்றும் கேளுங்கள். ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அதே வழியில் பைக்கில் போய்ப் பாருங்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு இறக்குவதை யோசிக்கவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிய பிள்ளை, வயிற்றைப் பிரட்டிக்கொண்டுதான் முதல் பீரியடில் உட்காரும்.

அடுத்தது நோட்டு. அந்தந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரின் நோட்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடைகள் கமா பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால், போர்டில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 'பள்ளி' என்பதற்குப் 'பல்லி' என்று எழுதியிருந்தும் அடியில் பெரிய சிவப்பு டிக் இருந்தால், அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. 52-இல் 38 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 26 என்று சொன்னால், கடன் வாங்கிக் கழிப்பது புரியாமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. இந்தக் குறை இரண்டு வகைப் பள்ளியிலும் உண்டு.

அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்தான். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இருவருமே கெட்டிக்காரர்களாக இருக்கும் பள்ளிகளும் நிறைய உண்டு. அங்கே காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கும். வேலைக்கு ஓடும் தாய்க்கு அது பெரிய விஷயம்.

தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) தரும் 25 சதவீத இலவச இடத்தை நம்பியிருந்தால், பள்ளிக்கும் வீட்டுக்கும் 1 கி.மீ. கணக்கு முக்கியம். மல்லூர் முகவரியை வைத்துக்கொண்டு டவுனுக்குள் இருக்கும் அஸ்தம்பட்டிப் பள்ளியில் இடம் எதிர்பார்க்க முடியாது. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். நலிந்த பிரிவில் கேட்டால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிறப்புச் சான்று, முகவரிச் சான்றைத் தயாராக வையுங்கள்; வருமானச் சான்று அல்லது சாதிச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. வேன் கட்டணம் இதில் வராது. புத்தகம், சீருடைக்குத் தனியாகக் கேட்பார்களா என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.இ. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதில் முழு ஃபீஸ் கட்டச் சொல்லும்போதுதான் பல வீடுகளில் விழித்துக்கொள்கிறார்கள்.

டவுன் பள்ளியிலேயே விடுவதாக இருந்தாலும் ஆறாம் வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை ஆகியவற்றில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு வந்தால் இவை போய்விடும். எட்டு வரை ஆர்.டி.இ.யில் படித்து ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் அதிகம், 7.5 அங்கே செல்லாது.

மாற்றும்போது டி.சி.யை வாங்கிய இடத்திலேயே நின்று, பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்.டி.இ. பிள்ளை என்றால், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை அந்த ஒதுக்கீட்டில் படித்தது என்று அப்போதே எழுதி, முத்திரை போட்டு வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு முடித்துக் கவுன்சிலிங் நேரத்தில் அந்தத் தாளைத் தேடிப் பழைய பள்ளிக்கு அலைவது மகா சிரமம்.