எதிர்ப்பு சக்திக்கு வைட்டமின் டி: எப்படி எடுத்துக்கணும்
அடிக்கடி சளி பிடிக்குதுன்னு உடனே மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க, முதல்ல ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு காட்டற 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி டெஸ்ட் எடுத்துப் பாருங்க, ஒரு மில்லி ரத்தத்துல 20 நானோகிராமுக்குக் கீழ இருந்தா பொதுவா குறைபாடுன்னு சொல்வாங்க. கிருமி உள்ள வந்ததும் நம்ம வெள்ளை அணுக்கள் இந்த வைட்டமினை அங்கயே ஆக்டிவ் வடிவமா மாத்தி, அதை வெச்சு கேத்தலிசிடின்னு ஒரு புரதத்தைத் தயாரிக்குது, அது பாக்டீரியாவோட மேல் சவ்வையே ஓட்டை போட்டுடும்! அதோட T செல்கள்ங்கற ஒரு வகை வெள்ளை அணுக்கள் ஓவரா கொந்தளிக்காமலும் பாத்துக்குது.

வெயில்ல நிக்கறதுன்னா உங்க நிழல் உங்க உயரத்தைவிட குட்டையா இருக்கற நேரமா பாருங்க, தோல் சிவக்கறதுக்கு முன்னாடியே வந்துடணும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்தா பிரயோஜனமே இல்ல, தோல்ல வைட்டமின் டி உருவாகத் தேவையான யூவிபிங்கற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துடும்.

மாத்திரைன்னா கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட எடுங்க, அப்பதான் நல்லா சேரும். பெரியவங்களுக்கு தினம் 600 ஐயூ (வைட்டமினை அளக்கற யூனிட்), 70 வயசுக்கு மேல 800. டாக்டர் சொல்லாம 4000-ஐ தாண்டவே தாண்டாதீங்க ப்ளீஸ், ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னியைப் பதம் பாத்துடும். ஏற்கனவே அளவு சரியா இருக்கறவங்க எக்ஸ்ட்ராவா போட்டா எதிர்ப்பு சக்தி கூடிடாது.